டெல்லிக்கு டூர் வர்றீங்களா, காய்ச்சல மட்டும் மறைக்காதீங்க

2021 தீபாவளி முடிஞ்ச கையோட போன் வர ஆரம்பிச்சிருச்சு. டெல்லி தொறந்தாச்சாண்ணே, தாஜ்மஹால் உள்ள விடுறாங்களா, டிசம்பர் கடைசியில பசங்களுக்கு லீவு விட்டதும் வரலாமான்னு மதுரை, சேலம், திருநெல்வேலின்னு எல்லாப் பக்கத்துல இருந்தும் கேட்டாங்க. கொரோனாவால ஒன்றரை வருஷமா இந்த போன் வராம இருந்தது எவ்ளோ கஷ்டம்னு இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். நான் டெல்லியிலயே வளந்தவன், அப்பா சென்ட்ரல் கவர்மென்ட் வேலைக்காக எழுபதுகள்ல ஆர்கே புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவரு, நான் நம்ம ஊர்ல இருந்து வர்ற குடும்பங்கள டெல்லி, ஆக்ரா, மதுரா, ஹரித்வார்னு கூட்டிட்டுப் போய் காட்டுற வேலை பாக்கறேன். கூட வண்டி ஓட்டுன டிரைவர்கள்ல பல பேர் டியூ கட்ட முடியாம வண்டியவே வித்துட்டாங்க, ஒருத்தர் கரோல் பாக் பக்கம் காய்கறி வண்டி தள்ளிக்கிட்டு இருந்தாரு. அதனால வாங்க, கண்டிப்பா வாங்க, வராதீங்கன்னு சொல்றதுக்காக இத எழுதல. ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த உங்ககிட்ட உக்காந்து பேசணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

மாஸ்க் போடுங்க, கை கழுவுங்க, தள்ளி நில்லுங்க, இதெல்லாம் போன் காலர் டியூன்லயே கேட்டு கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம். நான் பாத்த வரைக்கும் டூர்ல நோய் பரவுறதுக்குப் பெரிய காரணம் மாஸ்க் தெரியாதது இல்ல, காய்ச்சல் வந்தவங்க அத வெளிய சொல்லாததுதான். ஏன் சொல்ல மாட்டேங்கறாங்கன்னா, காசு கட்டியாச்சு. ட்ரெயின் டிக்கெட் ரெண்டு மாசம் முன்னாடியே போட்டாச்சு, ரூமுக்கு அட்வான்ஸ் போயாச்சு, ஆபீஸ்ல கெஞ்சி லீவு வாங்கியாச்சு, அம்மாவுக்கு எழுபது வயசு, ஒரு தடவையாவது கங்கையில குளிச்சிரணும்னு பல வருஷமா சொல்லிட்டு இருந்தவங்க, இப்ப இல்லைன்னா எப்பன்னு தெரியாது. இந்த நிலைமையில ரெண்டாம் நாள் சாயங்காலம் உடம்பு சுடுது, தொண்டை கரகரங்குதுன்னா யாருக்கு வாய் வரும் சொல்ல? நாம சொன்னா மொத்தக் குரூப்பும் நின்னுருமே, நம்மாலதானே எல்லாரும் தாஜ்மஹால் பாக்காம திரும்பிப் போகணும்னு நெனச்சு ஒரு டோலோவப் போட்டுக்கிட்டு பேசாம வண்டியில ஏறிடுவாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. ரொம்ப நல்லவங்க, மத்தவங்களுக்கு தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு நெனக்கறவங்கதான் முக்காவாசி இப்படிப் பண்றாங்க.

2021 மார்ச் மாசம், அதாவது கொரோனா ரெண்டாவது அலை டெல்லியில வெடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு குடும்பக் குரூப் வந்தாங்க. அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பான்னு எல்லாரும் சொந்தம். ஹரித்வார்லயே பெரியவர் ஒருத்தருக்கு காய்ச்சல், மருமகளுக்கு மட்டும் தெரியும், மாமா யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு சொல்லிட்டாரு, அந்தப் பொண்ணு ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை குடுத்து பாத்துக்கிச்சு. ஹரித்வார்ல இருந்து டெல்லி, டெல்லியில இருந்து ஆக்ரான்னு மூடின வண்டியில எல்லாரும் ஒண்ணா, சிரிச்சுப் பேசிக்கிட்டு. ஊருக்குக் கெளம்பற நாள்ல பாதிப் பேருக்கு இருமல். அவங்க ஊர் போய்ச் சேந்து ஆஸ்பத்திரி, பெட்டுன்னு அலைஞ்சதெல்லாம் பின்னாடி போன்ல கேட்டேன், பெரியவர் நல்லபடியா பொழச்சு வந்தாரு. ஆனா வண்டி ஓட்டுனவரு சங்கம் விஹார்ல ஒரே ரூம்ல மனைவி, ரெண்டு பசங்க, அவங்க அம்மாவோட இருக்கறவரு. அவரோட அம்மா ஏப்ரல் மாசம் தவறிட்டாங்க. அந்தக் குரூப்புக்கு இது தெரியவே தெரியாது, அவங்க ஊருக்குப் போனப்புறம் டிரைவர் எப்படி இருக்காருன்னு கேக்கணும்னு யாருக்கும் தோணல, அவங்களும் அவங்க கஷ்டத்துல இருந்தாங்க, நான் குத்தம் சொல்லல. ஆனா இதச் சொல்லாம என்னால இருக்க முடியாது.

இந்தியாவுல கொரோனா ஆரம்பிச்ச கதையிலயே ஒரு டூர் குரூப் இருக்கு, ஞாபகம் இருக்கா? 2020 பிப்ரவரி கடைசியில ராஜஸ்தான் சுத்திப் பாக்க வந்த இத்தாலிக்காரங்க. ஜெய்ப்பூர்ல ஒருத்தருக்கு முதல்ல உறுதியாச்சு, மிச்சப் பேர டெல்லிக்குக் கொண்டு வந்து சாவ்லாவுல இருக்கற ஐடிபிபி (எல்லைக் காவல் படை) முகாம்ல வச்சு டெஸ்ட் எடுத்தாங்க. மார்ச் 4ஆம் தேதி அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் நாட்டுல மொத்தம் 28 பேருக்கு இருக்குன்னு அறிவிச்சாரு, அந்த 28ல 16 பேர் அந்த இத்தாலி குரூப், ஒருத்தர் அவங்களுக்கு வண்டி ஓட்டுன நம்ம நாட்டு டிரைவர். டூரிஸ்ட் ஊருக்குப் போயிருவாங்க, டிரைவரும் ரூம் கூட்டறவரும் டீக்கடைக்காரரும் அடுத்த நாள் அடுத்த குரூப்புக்கு வேலை செய்யணும். அதனால ஒரு டிரைவருக்கு ஒட்டிக்கிச்சுன்னா அது அவரோட மட்டும் நிக்காது.

காய்ச்சல் இருந்தா வாசல்லயே கண்டுபிடிச்சிருவாங்களேன்னு சில பேர் கேட்டாங்க, 2021ல மெட்ரோவுல, செங்கோட்டையில நெத்தியில காய்ச்சல் பாக்கற கன் வச்சுப் பாத்தாங்கதான. அந்தக் கன் தோல் சூட்டத்தான் பாக்கும். டிசம்பர் மாசம் காலைல எட்டு மணிக்குப் பனியில நின்னு வந்தவருக்கு நெத்தி ஜில்லுன்னு இருக்கும், உள்ள காய்ச்சல் இருந்தாலும் கம்மியாத்தான் காட்டும். பாராசிட்டமால் போட்டவருக்கும் அப்படித்தான். அதுக்கும் மேல, இந்த நோய் அறிகுறி தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குப் பரவும், அத எந்தக் கன்னும் பிடிக்காது. உங்க உடம்பு உங்களுக்குத்தான் தெரியும், நீங்களா வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு.

சரி, சொல்றதுக்கு வழி பண்ணணுமே. வெறுமன சொல்லுங்க சொல்லுங்கன்னா யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னா நஷ்டம்னு இருக்கற வரைக்கும். நான் இப்ப என்கிட்ட கேக்கற எல்லா குடும்பத்துக்கும் சொல்றது, டூர் பட்ஜெட் போடும்போதே உடம்பு சரியில்லாமப் போனா ஆகற செலவையும் அதுக்குள்ளயே வைங்க. ஒரு ஆளு பத்து நாள் தனியா ஒரு ரூம்ல தங்கணும்னா என்ன ஆகும், கூட ஒருத்தர் பக்கத்து ரூம்ல இருக்கணும்னா என்ன ஆகும், அந்தக் காச தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துல ட்ரிப் போடுங்க, அதுக்காக ஒரு ஊர் கொறஞ்சாலும் பரவால்ல, மதுராவ விட்ருங்க, அடுத்த தடவை பாக்கலாம். கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் உக்கார வச்சு வீட்டுல பெரியவங்க வாயாலயே சொல்ல வைங்க, யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் சொல்லலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டோம், அவருக்கான செலவ எல்லாரும் பங்கு போட்டுக்குவோம்னு. இத முன்னாடியே பேசிட்டா அந்த மருமகள் மாதிரி யாரும் ரகசியம் காக்க வேண்டி வராது.

ரயில்வே இதுல ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு, நெறைய பேருக்குத் தெரியாது. 2020 மே மாசம் லாக்டவுனுக்கு அப்புறம் ட்ரெயின் திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப, ஸ்டேஷன்ல செக் பண்ணும்போது காய்ச்சல் இருந்து ஏத்த மாட்டோம்னு சொன்னா டிக்கெட் காசு முழுசா திருப்பித் தர்றோம்னு விதி போட்டாங்க, அதே டிக்கெட்ல இருக்கற கூட வர்றவங்க போக வேண்டாம்னு நெனச்சா அவங்களுக்கும் சேத்து. காய்ச்சல சொன்னா காசு போகாதுன்னு ஆனா மனுஷன் எதுக்கு மறைக்கப் போறான்? டூர் நடத்தறவங்களும் இப்படித்தான் பண்ணணும்னு நான் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன், நீங்களும் காசு கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. கெளம்பறதுக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தா பணம் என்னாகும், நடுவுல வந்தா என்ன பண்ணுவீங்க, தேதி மாத்தித் தருவீங்களான்னு கேட்டு வாட்சப்ல எழுதி வாங்கிக்கோங்க. பதில் சொல்லாம மழுப்பறவங்ககிட்ட புக் பண்ணாதீங்க. இடமே மூடிட்டாலும் இதே கேள்விதான் வரும். தாஜ்மஹால் 2020 மார்ச் 17ல மூடி செப்டம்பர் 21லதான் தொறந்தாங்க, அதுவும் ஒரு நாளைக்கு 5,000 பேருக்கு மேல இல்லன்னு, திரும்ப 2021 ஏப்ரல் 16ல மூடி ஜூன் 16ல தொறந்தாங்க. இன்னொரு தடவ மூட மாட்டாங்கன்னு யாரும் உறுதி சொல்ல முடியாது.

கொரோனாதான் போயிருச்சேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2021 ஜனவரி பிப்ரவரியிலயும் இங்க எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. ஏப்ரல் 20ஆம் தேதி டெல்லியில மட்டும் ஒரே நாள்ல 28,395 பேருக்கு உறுதியாச்சு. ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் சத்தம், ஆக்சிஜன் சிலிண்டருக்காக மாயாபுரி பக்கம் க்யூ, பார்க்கிங்ல கூட தகன மேடை போட்டாங்க. நம்ம தமிழ் ஆளுங்க வாட்சப் குரூப்ல காலைல எந்திரிச்சா யாரோ ஒருத்தருக்கு பெட் வேணும்னு மெசேஜ், மத்தியானம் பாத்தா அதே ஆளுக்கு அஞ்சலி மெசேஜ். அத நேர்ல பாத்தவங்களுக்கு போயிருச்சுங்கற வார்த்தை வாயில வராது. 2021 அக்டோபர் 21ஆம் தேதி நாட்டுல 100 கோடி டோஸ் போட்டாச்சுன்னு செங்கோட்டையில பெரிய தேசியக் கொடி வச்சுக் கொண்டாடினாங்க, எனக்கும் சந்தோஷம்தான், ஆனா அது 100 கோடி ஊசி, 100 கோடி ஆளு இல்ல, ரெண்டு ஊசியும் போட்டுக்காதவங்க அப்ப நம்ம வீட்டுலயே இருந்தாங்க.

ஊசி கணக்கு முக்கியம், ஏன்னா பல பேர் டிக்கெட் போட்டுட்டு அப்புறம்தான் அத யோசிக்கறாங்க. 2021ல கோவிஷீல்டுன்னா மொத ஊசிக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 84 நாள் ஆகணும், கோவேக்சின்னா 28 நாள்னு விதி இருந்துச்சு, ரெண்டாவது போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் முழுப் பாதுகாப்பு கெடைக்கும். லீவுக்கு வரணும்னா முன்னாடியே தேதியப் பாத்துக்கோங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்கு 2021 கடைசி வரைக்கும் ஊசியே ஆரம்பிக்கல, நீங்க போட்டுட்டாலும் உங்க வழியா அவங்களுக்கும், அவங்க வழியா தாத்தா பாட்டிக்கும் போகலாம். ஊசி போட்டவருக்கு நோய் பெருசா முத்தாதுங்கறதுதான் பெரிய லாபம், அவருக்கு வரவே வராது, அவர்கிட்ட இருந்து பரவவே பரவாதுங்கறது இல்ல.

ட்ரெயின்ல வர்றவங்களுக்கு, சென்னையில இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்னா ரெண்டு ராத்திரி, கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். ஏசி கோச்ல போர்வை தலகாணி தர்றத 2020 மார்ச்ல நிறுத்தினாங்க, 2021 முழுக்கத் தரல, ஸ்க்ரீனும் எடுத்துட்டாங்க, போபால் தாண்டினா ராத்திரி குளிரும், அதனால வீட்டுல இருந்தே ஒரு கம்பளியும் ரெண்டு பெட்ஷீட்டும் கொண்டு வாங்க. பேன்ட்ரியிலயும் அப்ப சூடா சமைச்சுத் தரல, பாக்கெட்ல வெந்நீர் ஊத்தற சாப்பாடுதான் குடுத்தாங்க, புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கிட்டு வந்துருங்க. இன்னொண்ணு, எட்டுப் பேர் உக்காற இடத்துல எட்டுப் பேரும் ஒரே நேரத்துல மாஸ்க்க எறக்கி சாப்பிட வேண்டாம், பாதிப் பேர் முன்னாடி, பாதிப் பேர் பின்னாடின்னு மாத்தி மாத்தி சாப்பிடுங்க. எதுத்த சீட்ல முன்னப்பின்ன தெரியாதவங்க இருந்தா இது இன்னும் முக்கியம்.

இங்க வந்து எறங்கினா ஆபத்து அதிகம் எங்கன்னா வண்டிக்குள்ளதான். குதுப் மினார்லயோ ஹுமாயூன் கல்லறையிலயோ இல்ல. அதெல்லாம் திறந்த வெளி, காத்து வீசுது, ஆளுக்கு ஆள் தள்ளி நிக்க எடம் இருக்கு. ஆனா டெம்போ டிராவலர்ல பன்னெண்டு பேர், வெளிய குளிரு, புகை, ஜன்னல் எல்லாம் இறுக்க மூடி, ஆக்ராவுக்கு போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். இந்தக் கிருமி காத்துலயே நிக்கும், மூடின ரூம்ல கொளுத்தின ஊதுபத்தி வாசனை எப்படி மூலை முடுக்கெல்லாம் போய் நெறையுதோ அப்படித்தான் ஒருத்தர் விடுற மூச்சு வண்டி பூரா சுத்தும். டிரைவர்கிட்ட சொல்லி ஏசியோ ஹீட்டரோ வெளிக்காத்த எடுக்கற மாதிரி வைக்கச் சொல்லுங்க, பழைய வண்டின்னா முன்னாடி ஒரு ஜன்னல், எதுத்த பக்கம் பின்னாடி ஒரு ஜன்னல், ரெண்டு விரல் அளவுக்குத் தொறந்து வச்சாலே காத்து ஓடும். முக்கா மணிக்கு ஒரு தடவை எங்கயாவது நிறுத்தி எல்லாக் கதவையும் தொறந்து விடுங்க, யமுனா எக்ஸ்பிரஸ்வேயில நடு ரோட்டுல நிறுத்த முடியாது, வழியில சாப்பிடற இடம் இருக்கு, அங்க நிறுத்துங்க. டிரைவருக்கும் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க, அவரோட துணி மாஸ்க் காலைல கட்டினது சாயங்காலம் வரைக்கும் அதேதான் இருக்கும்.

அப்புறம் பாட்டு. நம்ம ஆளுங்க வண்டியில ஏறினா பாடாம இருக்க மாட்டாங்க, பஜனையாவது அந்தாக்ஷரியாவது. எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும், ஒரு பாட்டி முருகன் பாட்டு பாடி வண்டியே அமைதியாக் கேட்ட பயணம் எல்லாம் இருக்கு. ஆனா பேசறத விட பாடும்போதுதான் மூச்சு வேகமா நிறைய வெளிய வரும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஸ்காஜிட் கவுண்டின்னு ஒரு மாவட்டத்துல 2020 மார்ச் 10ஆம் தேதி கூட்டமா உக்காந்து பாடிப் பழகினாங்க, ரெண்டரை மணி நேரம், 61 பேர், அதுல ஒருத்தருக்கு மட்டும் சளி இருந்துச்சு. கடைசியில 53 பேருக்கு நோய், ரெண்டு பேர் இறந்தே போயிட்டாங்க. அதனால மூடின வண்டியில பாட்டு வேண்டாம், லோதி கார்டன் புல்வெளியில வட்டமா உக்காந்து பாடுங்க, இல்ல ஆர்கே புரத்துல இருக்கற நம்ம முருகன் கோயில், மலை மந்திர்ல மேல ஏறிப் போய் வெளிப் பிரகாரத்துல நின்னு பாடுங்க, அங்க காத்தும் நல்லா வரும்.

நவம்பர் டிசம்பர்ல டெல்லி வர்றவங்களுக்கு இன்னொரு குழப்பம் இருக்கு, புகை. 2021 நவம்பர்ல இங்க காத்து மாசுக் குறியீடு 400ஐத் தாண்டி, ஸ்கூலையே மூடிட்டாங்க. ஊர்ல இருந்து சுத்தமான காத்துல இருந்து வர்றவங்களுக்கு எறங்கின ரெண்டாம் நாளே தொண்டை எரியும், வறட்டு இருமல் வரும், கண்ணுல தண்ணி வரும். உடனே எல்லாரும் இது டெல்லி புகைதான்னு சொல்லித் தள்ளிருவாங்க. காய்ச்சல மறைக்கறதுக்கு இத விட வசதியான சாக்கு வேற இல்ல. புகையால காய்ச்சல் வராது, உடம்பு வலி வராது, வாசனை தெரியாமப் போறதும் ருசி தெரியாமப் போறதும் இருந்தா கொரோனாவத்தான் மொதல்ல சந்தேகப்படணும். வெறும் இருமல்தான்னாலும் டெஸ்ட் எடுக்காம புகைன்னு முடிவு பண்ணாதீங்க.

புகைக்காக விக்கற மாஸ்க்ல முன்னாடி ஒரு பிளாஸ்டிக் மூடி மாதிரி வால்வு இருக்கும், அத வாங்கக் கூடாது. உள்ள இழுக்கற காத்த வடிகட்டும், நீங்க வெளிய விடற மூச்ச அப்படியே விட்ரும், உங்களுக்கு நோய் இருந்தா எதுத்தவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்ல. 2020 ஜூலையிலயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிச் சொன்ன விஷயம் இது, அப்புறமும் இங்க பாலிகா பஜார்ல, ஜன்பத்ல அதத்தான் தொங்க விட்டு வித்தாங்க. வால்வு இல்லாத என்95 வாங்குங்க, ஆளுக்கு நாலஞ்சு, ஒரு நாள் போட்டத காகிதக் கவர்ல போட்டு வச்சுட்டு அடுத்த நாள் வேற, இப்படி சுத்துல போட்டா டூர் முழுக்க வரும். தொவைக்காதீங்க, தொவைச்சா வடிகட்டற சக்தி போயிரும். புகைக்கும் அதே மாஸ்க்தான், கிருமிக்கும் அதேதான், அதனால டெல்லியில அதுக்கு ரெட்டை உபயோகம். பொது எடத்துல மாஸ்க் இல்லைன்னா 2021ல இங்க 2,000 ரூபா ஃபைன் இருந்துச்சு.

ரூம் விஷயத்துல, கரோல் பாக்லயும் பஹார்கஞ்ச்லயும் ஜன்னலே இல்லாத ரூம் நிறைய, போட்டோவுல தெரியாது, ஸ்க்ரீன் போட்டு மறைச்சிருப்பாங்க, தொறந்தா செவுரு. போன்லயே கேளுங்க, வெளிய பாத்த ஜன்னல் இருக்கா, தொறக்க முடியுமான்னு. காலைலயும் ராத்திரியும் புகை அடர்த்தியா இருக்கும், வெயில் ஏறி மத்தியானம் கொஞ்சம் கொறையும், அப்ப ஒரு மணி நேரம் தொறந்து விடுங்க. ஒரே குடும்பம் ஒரே ரூம்ல இருங்க, காசு மிச்சம்னு ரெண்டு குடும்பம் சேந்து ஆறு பேர் படுக்க வேண்டாம். என்னக் கேட்டா தேதி உங்க கையில இருந்தா டிசம்பர விட்டுட்டு பிப்ரவரி கடைசியில வாங்க, புகை கொறஞ்சிருக்கும், ஜன்னல் தொறந்து வைக்கலாம், தோட்டமெல்லாம் பூ பூத்திருக்கும், நாள் பூரா வெளியவே சுத்தலாம். ஸ்கூல் லீவு இல்லையேன்னு சொல்வீங்க, புரியுது, ஆனா பெரியவங்கள மட்டும் கூட்டிட்டு வர்றவங்க யோசிக்கலாமே.

கூட்டத்தப் பத்தி ஒரே ஒரு விஷயம். 2021 ஜூலையில முசூரி பக்கம் கெம்ப்டி அருவியில ஜனம் மாஸ்க் இல்லாம நெருக்கியடிச்சுக் குளிச்ச வீடியோ நாடு பூரா சுத்துச்சு, அப்புறம் ஒரே நேரத்துல 50 பேர், அரை மணி நேரம்தான்னு கட்டுப்பாடு போட்டாங்க, பிரதமரே மலை ஊர்க் கூட்டத்தப் பத்திக் கவலைப்பட்டுப் பேசினாரு. சாந்தினி சவுக் இப்ப கார் விடாம அழகா நடக்கற ரோடா மாத்திட்டாங்க, பாக்கணும்தான், ஆனா காலைல கடை தொறக்கற நேரத்துல போங்க, சாயங்காலம் சரோஜினி நகர் மார்க்கெட் பக்கமே போகாதீங்க. டிக்கெட்டெல்லாம் ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துருங்க, தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை லீவு, செங்கோட்டை திங்கக்கிழமை லீவு.

பையில வைக்க வேண்டியது, ஒரு தெர்மாமீட்டர், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்கற ஒரு ஆக்சிமீட்டர், ரெண்டு மூணு வீட்டு டெஸ்ட் கிட். கோவிசெல்ஃப் கிட் 2021ல 250 ரூபா, மூக்குல நீங்களே எடுத்துப் பாக்கலாம், கால் மணி நேரத்துல தெரிஞ்சிரும், இருபது நிமிஷத்துக்கு மேல ஆனப்புறம் வர்ற கோட்டக் கணக்குல எடுக்கக் கூடாது. பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தான். நெகட்டிவ், ஆனா காய்ச்சல் இருக்குன்னா நிம்மதியா இருக்காதீங்க, லேப்ல ஆர்டிபிசிஆர் டெஸ்ட் எடுங்க, 2021ல டெல்லியில தனியார் லேப்லயே 500 ரூபாதான் இருந்துச்சு, அரசு டிஸ்பென்சரியில இலவசம். ஆக்சிமீட்டர் வைக்கறதுக்கு முன்னாடி கைய நல்லாத் தேச்சு சூடு பண்ணிக்கோங்க, குளிர்ல வெரல் வெறச்சிருந்தா தப்பாக் கம்மியாக் காட்டும், நெயில் பாலிஷ் இருந்தாலும் அப்படித்தான். 94க்குக் கீழ நின்னுச்சுன்னா யோசிக்காம ஆஸ்பத்திரி, அடுத்த நாள் காலைல பாக்கலாம்னு தள்ளவே தள்ளாதீங்க.

சுகர், பிரஷர் மாத்திரை டூர் நாளுக்கு மட்டும் கொண்டு வர்றாங்க, கூடப் பத்துப் பதினஞ்சு நாளைக்குச் சேத்து எடுத்துட்டு வாங்க, சீட்டையும் போட்டோ எடுத்து போன்ல வைங்க, இங்க இருக்கற டாக்டருக்கு நம்ம பெரியவங்க தமிழ்ல சொல்றது புரியாது, அந்தச் சீட்டுதான் பேசும். மெடிக்கல் ஷாப்ல போய் கொரோனாவுக்கு ஏதாவது குடுங்கன்னு கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வாங்கிப் போட்ராதீங்க. ஆக்சிஜன் தேவைப்படற அளவுக்கு முத்தினவங்களுக்குத்தான் அது உயிர் காக்கும், ஆரம்பத்துல போட்டா கெடுதல், சுகர் இருக்கறவங்களுக்கு சுகர் ஏறி, கருப்புப் பூஞ்சை வந்து கண்ணே போனவங்கள 2021 கோடையில பாத்தோம்.

உறுதியாயிருச்சுன்னா என்ன பண்றது? மொதல்ல ட்ரெயின் ஏறாதீங்க. எப்படியாவது ஊருக்குப் போயிட்டாப் போதும்னு தோணும், எல்லாருக்கும் தோணும், தெரியாத ஊரு, தெரியாத பாஷை. ஆனா ரெண்டு ராத்திரி ஒரு கோச்ல எழுபது பேரோட போறதும், வழியில எங்கயாவது ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறினா என்ன பண்றதுங்கறதும் இருக்கு. இங்கயே தனி ரூம்ல இருங்க, 2021 விதிப்படி அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து பத்து நாள், கடைசி மூணு நாள் காய்ச்சல் இல்லாம. லாட்ஜ்காரங்ககிட்ட சொன்னா வெளிய போகச் சொல்லிருவாங்களேன்னு பயம் இருக்கும், 2020ல ஒரு லாட்ஜ்ல அப்படி ஒரு வயசான தம்பதிய ராத்திரியில சாமானோட வாசல்ல நிக்க வச்சாங்க, நேர்ல பாத்தேன், கோவத்துல கை நடுங்குச்சு. அதனாலதான் புக் பண்ணும்போதே இந்தக் கேள்வியையும் கேளுங்கன்னு சொல்றேன், தங்க விடுவோம்னு சொல்ற எடங்களும் இருக்கு. 2021ல டெல்லி அரசோட கொரோனா ஹெல்ப்லைன் 1031ஆ இருந்துச்சு, ஆம்புலன்ஸுக்கு 102. இங்க இருக்கற தமிழ்க் குடும்பங்கள் கொறைஞ்சது கஞ்சியும் ரசமும் கொண்டு வந்து ரூம் வாசல்ல வச்சுட்டுப் போவாங்க, 2021 ஏப்ரல் மே மாசத்துல ஆர்கே புரத்துலயும் மயூர் விஹார்லயும் முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு அப்படித்தான் செஞ்சாங்க, யார்கிட்டயாவது தயங்காமச் சொல்லுங்க.

ஊருக்குப் போனப்புறம் ஒரு வாரம் பத்து நாள் பிரசாதம் குடுக்கறேன்னு வீடு வீடாப் போக வேண்டாம், முக்கியமா ஊசி போடாத பெரியவங்க இருக்கற வீட்டுக்கு. அந்த நாள்ல உங்கள்ல யாருக்காவது பாசிட்டிவ்னு வந்தா, கூட வந்த எல்லாருக்கும் சொல்லும்போது டிரைவருக்கும் ஒரு போன் போடுங்க. அவர் நம்பர கெளம்பும்போதே வாங்கி வச்சுக்கோங்க. ஹிந்தி வராட்டிப் பரவால்ல, டூர் ஏற்பாடு பண்ணினவங்ககிட்ட சொன்னா அவங்க சொல்லிருவாங்க, என் மூலமா வந்தவங்கன்னா என்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிர்றேன். அன்னைக்கே அவர் டெஸ்ட் எடுத்துக்குவாரு, அடுத்த குரூப்ப ஏத்த மாட்டாரு, இருக்கற ஒரே ரூம்ல வீட்டுப் பெரியவங்கள எங்க படுக்க வைக்கறதுன்னு யோசிக்க அவருக்கு நேரம் கெடைக்கும்.